பலாவு ப்ளூ கார்னர்: நீரோட்டம் இருந்தால்தான் மீன்

பசிபிக் தீவு நாடான பலாவின் ப்ளூ கார்னரில் கடலுக்கடியில் டைவ் முடித்து வருபவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். சுறாக் கூட்டத்துக்கு நடுவே தொங்கியதைச் சொல்லி முடிக்கத் தெரியாமல் பேசுவார்கள் சிலர். "நல்ல சுவர்தான், பேச்சு அளவுக்கு இல்லை" என்று தோளைக் குலுக்குவார்கள் வேறு சிலர். இருவர் சொல்வதும் சரி. ஒரே இடம்தான், ஒரே நாளில் காலை ஒன்பது மணிக்கு ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் இருக்கும். கடலோர ஊர்களில் நீவாடு என்பார்களே, அந்த நீரோட்டம்தான் இங்கே காட்சியை நடத்துகிறது. அது ஓடினால் பாரையும் ஊழியும் சுறாவும் பவளச் சுவரின் முனையில் குவியும். நின்றுவிட்டால் எல்லாம் ஆழத்துக்கோ தூரத்துக்கோ போய்விடும். ஆகவே இந்த டைவுக்குக் கொடுக்கும் பணம் படகுக்கோ சிலிண்டருக்கோ அல்ல, கடல் ஏறி வற்றும் ஓதக் கணக்குப் பார்த்து சரியான நேரத்தில் இறக்கிவிடும் வழிகாட்டியின் கணிப்புக்குத்தான்.

இடம் கோரோர் நகரிலிருந்து தென்மேற்கே. ராக் ஐலண்ட்ஸின் காளான் வடிவச் சுண்ணாம்புத் தீவுகளுக்கு இடையே வேகப்படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இந்தத் தீவுக்கூட்டமும் அதன் காயலும் 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. தீவுகளைத் தாண்டி வெளிப் பவளத்திட்டுக்கு வந்ததும் படகு ஆடத் தொடங்கும். குமட்டல் வரக்கூடியவர்கள் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், படகில் போட்டால் அது வேலை செய்வதற்குள் படகு ஆடத் தொடங்கிவிடும்.

அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளலாம். பவளத்திட்டின் ஒரு பகுதி முக்கோணமாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. திண்ணையின் மேற்பரப்பு உள்பக்கம் பத்து மீட்டர் ஆழத்தை ஒட்டித் தொடங்கி, மெல்லச் சரிந்து விளிம்பில் 15 முதல் 18 மீட்டர் வரை போகும். விளிம்புக்கு அப்பால் செங்குத்துச் சுவர், பொழுதுபோக்கு டைவர்கள் போகக்கூடிய எந்த ஆழத்தையும் தாண்டி இறங்குகிறது. திறந்த கடலிலிருந்து வரும் ஓட்டம் இந்தச் சுவரில் மோதி, போக வழியில்லாமல் மேலே ஏறி, விளிம்பைத் தாண்டித் திண்ணைமேல் பாய்கிறது. அதோடு நுண்ணுயிரிகளும் மேலே வரும். அவற்றைத் தின்ன மஞ்சளும் வெள்ளையுமான பிரமிட் வண்ணத்துப்பூச்சி மீன்கள், கருநீலக் கிளாத்திகள், ஃப்யூசிலியர்கள் என்று விளிம்புக்கு வெளியே திரை கட்டியதுபோல் நிற்கும். அவற்றுக்குப் பின்னால் பெரியவை. சாம்பல் திட்டுச் சுறாக்கள் அந்த மேலேறும் நீரில் வாலை அதிகம் அசைக்காமல் மிதந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் சோம்பேறித்தனம்போல் தெரியும். உண்மையில் அது சிக்கனம். பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவாவில் இதே இனச் சுறாக்களை ஆராய்ந்தபோது, இப்படி மேலேறும் ஓட்டத்தில் மிதப்பதால் 10 முதல் 15 சதவீதம் ஆற்றல் மிச்சமாவது தெரிந்தது.

டைவ் தொடங்கும் விதத்திலேயே நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும். நல்ல வழிகாட்டி படகை நிறுத்தியதும் முகமூடியை மட்டும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஓட்டம் எந்தப் பக்கமிருந்து, என்ன வேகத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைத் தயாராகச் சொல்வார். சுவரை வலப்பக்கம் வைத்துப் போவதா இடப்பக்கம் வைத்துப் போவதா என்பது ஏற்றமா வற்றமா என்பதைப் பொறுத்தது. அட்டவணையில் எழுதியிருக்கிறது என்பதற்காகப் பார்க்காமல் இறக்கிவிடும் படகுகளும் உண்டு. அங்கேதான் "பேச்சு அளவுக்கு இல்லை" என்ற பதில் உருவாகிறது.

இறங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். ஒருவர் அரை நிமிடம் தாமதித்தால்கூட மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகிவிடுவார். பிறகு சுவரை ஒட்டி 18 மீட்டரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிதந்தபடி முனையை நோக்கிப் போவது வழக்கம். சுவரில் கடல்விசிறிகளும் மென்பவளங்களும் ஆழம் போகப் போகப் பெரிதாகத் தெரியும், கை நீட்டிக் கூப்பிடும். அதற்காக 30 மீட்டருக்கு இறங்குவது இந்த டைவில் செய்யக்கூடிய மோசமான செலவு. அழகான சுவர் பலாவில் வேறு இடங்களிலும் இருக்கிறது. இங்கே காற்றைச் சேமிக்க வேண்டியது முனைக்காக.

முனைக்கு வந்ததும் கொக்கி. ரீஃப் ஹூக் என்பது மழுங்கிய முனையுள்ள ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கயிறு, மறுமுனையில் ஒரு கிளிப். அவ்வளவுதான். ஆனால் ஓட்டத்தில் கைகால் அடிக்காமல், பவளத்தைப் பிடிக்காமல், பட்டம்போல் நின்று வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கடைகளில் இரட்டைக் கொக்கியும் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டியதில்லை. ஒரு முள் பாறையில் பிடித்தால் மற்றது எதிலாவது சிக்கும், கழற்றும்போது இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டும். தொலைபேசிக் கம்பிபோல் சுருண்ட கயிறு பையில் அடங்கும் என்பதுதான் அதன் ஒரே நன்மை, ஓட்டத்தில் அது ரப்பராக இழுத்து இழுத்து விடும். கயிறு விரல் பருமனுக்கு அருகில் இருப்பது நல்லது. மெல்லிய நைலான் நூல் பளுவோடு கையில் ஓடினால் தோலைக் கிழிக்கும்.

கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதில்தான் முதல் தவறு நடக்கும். தோளிலுள்ள வளையத்தில் மாட்டினால் ஓட்டம் உடலை ஒரு பக்கமாகத் திருப்பி, சிலிண்டரின் எடையும் சேர்ந்து ஆளைச் சுழற்றும். மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யின் கீழ்ப்பகுதியில், உடலின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகிலுள்ள டி வளையம்தான் சரியான இடம். மாட்டுவதைப் படகிலேயே ஒரு முறை கண்ணால் பார்த்துப் பழகிவிட வேண்டும். தண்ணீருக்குள் முகமூடிக்குக் கீழே இருப்பது தெரியாது, தடவித்தான் மாட்ட வேண்டும்.

விளிம்பை நெருங்கும்போது தாழ்வாக, பாறைக்கு ஒரு கை தூரத்தில் வர வேண்டும். அங்கே ஓட்டத்தின் வேகம் சற்றுக் குறைவு. உயிருள்ள பவளம் இல்லாத மொட்டைப் பாறையில் ஒரு பொந்தோ விளிம்போ தேடி, கொக்கியின் வாய் தன்னைப் பார்த்திருக்கும்படி வைத்து, ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். பாறை நகர்ந்தால், அல்லது கொக்கிக்கு அடியில் ஏதாவது நொறுங்கினால், அந்த இடம் ஆகாது. பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் கயிற்றைக் கைக்குள் நழுவவிட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். கயிறு விறைத்த பிறகு பி.சி.டி.யில் சிறிது சிறிதாகக் காற்றுச் சேர்த்தால் உடல் திண்ணையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயர்ந்து நிற்கும். இந்தக் காற்றைச் சேர்க்காதவர்கள்தான் முழங்காலாலும் துடுப்பாலும் அடித்தளத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். விளிம்பில் பல இடங்கள் வழுக்கையாக இருப்பதற்குக் காரணம் கொக்கி மட்டுமல்ல, கொக்கியைப் பாதி மட்டும் கற்றுக்கொண்டவர்களும்தான்.

நின்ற பிறகு முகம் ஓட்டத்தைப் பார்த்திருக்கட்டும். வேகமான ஓட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் முகமூடியின் ஓரத்தில் தண்ணீர் புகும். ஓட்டம் வலுத்தால், வாயில் கடித்து மூச்சுவிடும் ரெகுலேட்டரின் நடுப்பொத்தானைத் தண்ணீரே அழுத்திக் காற்று தானாகக் கொட்டத் தொடங்குவதும் உண்டு. ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் சிறு நெம்புகோல் இருந்தால் அதைக் குறைந்த பக்கத்துக்குத் தள்ளி வைத்தால் இது பெரும்பாலும் நிற்கும். மாற்று ரெகுலேட்டரையும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். அது பின்னால் ஆடிக்கொண்டே காற்றைக் கொட்டுவதை மாட்டியிருப்பவர் கவனிக்கவே மாட்டார். நீண்ட கைகளுடைய இரட்டை ஃப்ளாஷ் வைத்த கேமரா இங்கே பாய்மரமாகிவிடும். கைகளை உள்ளே மடக்கி வைக்காவிட்டால் படம் எடுப்பதைவிட கேமராவைப் பிடிப்பதே வேலை.

காற்றுக் கணக்கை இங்கே விரிவாகவே போட வேண்டும், ஏனெனில் இந்த டைவ் எப்போது முடியும் என்பதை அதுதான் சொல்கிறது. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2200 லிட்டர் காற்று. கொக்கி மாட்டும் 17 மீட்டரில் அழுத்தம் 2.7 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சுவிடும் நிதானமான ஆளுக்கு இங்கே 40 லிட்டர் ஆகும், அதாவது அளவுமானியில் நிமிடத்துக்கு 4 பாருக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டத்தோடு மல்லாடி 25 லிட்டர் இழுப்பவருக்கு அது 6 பார். இருபது நிமிடத்தில் முதலாமவர் 75 பார் செலவழித்திருப்பார், இரண்டாமவர் 120ஐத் தாண்டியிருப்பார். கொக்கியின் உண்மையான பயன் இதுதான். 90 பார் வந்ததும் கழற்றத் தொடங்கினால் திண்ணைமேல் மிதந்து, மேலே வருமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் முடித்து, 50 பாரோடு படகேறலாம்.

ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவையான நைட்ராக்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். முதல் டைவுக்கு அவசியமே இல்லை. 18 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு, கட்டாய நிறுத்தமின்றி மேலே வர, PADI பயிற்சி அமைப்பின் அட்டவணை 56 நிமிடம் தருகிறது, அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிடும். ஆனால் நாளுக்கு மூன்று டைவ், தொடர்ந்து நான்கைந்து நாள் என்றால் 32 சதவீத ஆக்சிஜன் கலவை கைகொடுக்கும். அதே ஆழத்துக்கு அது 95 நிமிடம். அந்தக் கலவையின் எல்லை 33 மீட்டர் அளவில்தான் என்பதை மறக்கக் கூடாது. கீழே அடித்தளம் தெரியாத சுவரில், முப்பது மீட்டர் தெளிவாகத் தெரியும் நீரில், கண் ஆழத்தைச் சொல்லாது. கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ஆழ எச்சரிக்கையை வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று வழிகாட்டி சைகை காட்டியதும் முதல் வேலை கொக்கியைத் தொடுவது அல்ல. பி.சி.டி.யில் ஏற்றிய காற்றை வெளியே விடுவது. பிறகு கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து முன்னால் போய், கொக்கியை எடுத்து, மடித்துப் பையில் போட வேண்டும். வரிசை மாறினால், அதாவது காற்று உள்ளே இருக்கும்போதே கொக்கி விடுபட்டால், ஆள் கட்டறுந்த பலூன். 17 மீட்டரிலிருந்து மேலே ஏற ஏறக் காற்று விரிந்து வேகம் இன்னும் கூடும். இந்த இடத்தில் நடக்கும் கட்டுப்பாடற்ற ஏற்றங்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். கயிறு சிக்கிக்கொண்டால் இழுத்துக்கொண்டு நிற்காமல் வெட்டிவிட வேண்டும். சிறிய வெட்டுக்கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மீன்களைப் பற்றிச் சொல்லாமல் கருவிகளையே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றலாம். மேலே சொன்னது சரியாக நடந்தால் மீன்கள் தாமாக வரும். பெருங்கண் பாரைகள் வெள்ளிச் சுவராக நின்று, ஒரு சுறா ஊடே போனால் இரண்டாகப் பிரிந்து மறுபடி மூடிக்கொள்ளும். ஊழிகள் அப்படியல்ல, அத்தனையும் ஒரே திசை பார்த்து, ஓட்டத்தில் நகராமல், அடுக்கி வைத்த கத்திகள்போல் நிற்கும். நெப்போலியன் மீன் மட்டும் கூட்டத்துக்குள் வராது. தனியாக வந்து முகமூடிக்கு இரண்டடி தூரத்தில் நிற்கும். நெற்றி முண்டு, தடித்த உதடு, முகமெல்லாம் கிறுக்கிய கோடுகள். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஒன்று டைவரைப் பார்க்கும்போது மற்றது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மீட்டர் வரை வளரும் இந்த மீனுக்குப் பலாவு மொழியில் மமல் என்று பெயர், அங்கே அதைப் பிடிப்பது சட்டப்படி தடை. பழகியதுபோல் அருகில் வருகிறதே என்று தொடுவதும், தின்னக் கொடுப்பதும் கூடாது. சுறாக்களுக்கும் பாதுகாப்பு உண்டு: 2009இல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக அறிவித்த முதல் நாடு பலாவு. இங்கே சுறாக்கள் ஆளைக் கண்டு விலகி ஓடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி ஓட்டம் வலுக்கும், காட்சியும் வலுக்கும், சிரமமும்தான். பௌர்ணமியை ஒட்டிச் சிவப்புச் செப்பிலிகளும் அமாவாசையை ஒட்டிப் புடைத்தலைக் கிளிமீன்களும் முட்டையிடக் கூடும் இடங்கள் பலாவில் உண்டு. அதற்கென்றே விடியற்காலைப் படகுகள் தனியாகப் போகும். ப்ளூ கார்னர் பயணத்தோடு அதைச் சேர்த்துக் கட்ட முடியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த மேற்குப்பக்கத் திட்டில் அலை உயர்ந்து, சில நாள் படகே போகாது. தண்ணீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை, 3 மில்லிமீட்டர் உடை போதும்.

முனையில் வழக்கத்தைவிடக் கவனம் வேண்டிய ஒன்று கீழிழுக்கும் ஓட்டம். குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போனால் அதுதான் அறிகுறி. சுவரை ஒட்டியபடி மேலே நீந்த முயல்வது காற்றை எரிக்கும் வேலை. சுவரிலிருந்து விலகித் திறந்த கடல் பக்கம் சாய்வாக நீந்தி, கொஞ்சம் காற்றுச் சேர்த்து, ஆழமானியைப் பார்த்துக்கொண்டே வெளியேற வேண்டும். இழுப்பு விட்டதும் சேர்த்த காற்றை உடனே வெளியே விட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பதற்றத்தில் மறப்பார்கள்.

ப்ளூ ஹோல்ஸ் என்ற நான்கு செங்குத்துத் துளைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றின் வழியாகப் பெரிய குகைக்குள் இறங்கி, சுவரில் வெளியே வந்து, அப்படியே ப்ளூ கார்னருக்கு மிதந்து போகும் கூட்டுப் பயணத்தைப் பலர் விற்கிறார்கள். குகைக்குள் விழும் ஒளிக்கற்றைகள் அழகுதான். ஆனால் முனைக்கு வரும்போது சிலிண்டரில் பாதி இருக்காது, கொக்கி மாட்டி ஐந்து நிமிடத்தில் கழற்ற வேண்டிவரும். காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள் மட்டும் சேர்த்துச் செய்யலாம். மற்றவர்கள் இரண்டு தனி டைவாகக் கேட்பது நல்லது.

கடைசியில் திண்ணையைத் தாண்டி நீலத்தில் மிதந்துகொண்டே 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். பிடிக்கக் கயிறு கிடையாது, பார்க்கப் பாறை கிடையாது. படகு ஓட்டுநருக்கு இடம் காட்ட நீளமான ஆரஞ்சு மிதவைக் குழாயை ஏற்றிவிட வேண்டும். வழிகாட்டியிடம் ஒன்று இருக்கிறது என்பது போதாது. குழு பிரிந்தால் ஒவ்வொருவரிடமும் ஒன்று வேண்டும். ஐம்பது டைவுக்குக் குறைவான அனுபவமுள்ளவர்கள் முதல் நாளே இங்கே வராமல், ஓட்டம் மெதுவாக இருக்கும் ஙெமெலிஸ் சுவரில் ஒரு நாள் மிதந்து பழகிவிட்டு வந்தால் இந்த இடம் பயமுறுத்தாது. பலாவின் இன்னொரு டைவ் இடமான பெலெலியு முனை இதைவிட முரடு. இங்கே கொக்கி மாட்டத் தெரிந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட மூன்று கேள்விகள் உதவும். எந்த நாள், எத்தனை மணிக்கு ப்ளூ கார்னர் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜனும் ரேடியோவும் உண்டா? முதல் கேள்விக்கு "செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை" என்று ஓத அட்டவணையைப் பார்க்காமலே பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்குமேல் இருந்தால் விளிம்பில் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

செலவில் விட்டுப்போகக்கூடியவை: 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் விமானச் சீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. கோரோர் மாநிலத்தின் ராக் ஐலண்ட்ஸ் அனுமதி அதிலிருந்து வேறு, அதை டைவ் விலையில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அனுமதிச் சீட்டைப் படகில் கையோடு வைத்திருக்க வேண்டும். பவளத்துக்கு நஞ்சாகும் வேதிப்பொருள் கலந்த வெயில் களிம்புகள் 2020 ஜனவரி 1 முதல் பலாவில் தடை. முழுக்கைச் சட்டை கொண்டுபோவது அதைவிட எளிது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட வேண்டும்.

கொக்கியை வாடகைக்கு எடுத்தால் கொடுத்ததும் கிளிப்பின் நாக்கை நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். உப்பு ஏறினால் உள்ளேயிருக்கும் சுருள்கம்பி இறுகி, பாதியில் நின்றுவிடும். கயிற்றின் முடிச்சருகே நார் பிரிந்திருந்தால் வேறொன்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.